ஒரு சுற்றுப் பிழை

பலாபத்வலையில் ஏ-நைன் வீதியோரம் வாகன வயரிங் பட்டறை வைத்திருக்கும் இன்ஷாப் பாஸுக்கு நாற்பத்தாறு வயது. கைவேலைக்காரர் எல்லோரையும் இங்கே பாஸ் என்றுதான் அழைப்பது. இந்த நாற்பத்தாறு வருஷத்தில் “அது என்ட பிழை” என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருடைய மனைவி பஸ்லாவும் கேட்டதில்லை. கேட்கும் ஆசையை அவர் விட்டுப் பத்துப் பதினைந்து வருஷமாகிறது.

வேலையில் பாஸ் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. பத்து வண்டி வந்தால் ஒன்பது வண்டி சுகமாகித் திரும்பும். பத்தாவது வண்டியில்தான் கதை. ஒரு முறை ஒரு முச்சக்கர வண்டிக்கு வயரிங் செய்து கொடுத்தார். ஹோர்ன் அடித்தால் வைப்பரும் சேர்ந்து ஆடியது. கோபத்தோடு வந்த சாரதியிடம், “மழை நேரத்துல ஹோர்ன் அடிக்காத ஆள் யாரு தம்பி? ஒரே பொத்தான்ல ரெண்டு வேலை. இதுக்கு நான் வேற சல்லி கேக்கல்ல” என்றார். சாரதி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நன்றி சொல்லிப் போனான். லொறி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் ரேடியோ தானாகப் பாடியபோது, பின்னால் நிற்பவர்களுக்கு அது நல்ல எச்சரிக்கை என்றார். வீட்டில் சோற்றுக் குக்கரைத் திருத்திப் புகைய வைத்த அன்று குற்றவாளி மின்சாரம். மற்ற நாட்களில் மழை, வெயில், எலி, வண்டியைச் செய்து அனுப்பிய ஜப்பான்.

இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அது கைறுன்னிஸா டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் அவருக்குக் கணக்குப் படிப்பித்தவர். இளைப்பாறிப் பத்து வருஷமாகியும் டீச்சரின் கார் பட்டறை முற்றத்தில் திரும்பினால் பாஸ் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொள்வார்.

அன்றைக்கு டீச்சர் காரை விட்டிறங்கி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். இரண்டும் கறுப்பு.

“க்ரீஸா, டீச்சர்?”

“ஸ்டியரிங்! தோல் உருகிக் கையில ஒட்டுது. சவுக்காரம் போட்டுத் தேச்சாலும் போகுதில்ல. இந்தக் கையோட நான் தொழுகைக்கு எப்படி வுளூ எடுக்கிற? தண்ணி தோல்ல பட்டாத்தானே வுளூ கூடும்? லுஹர் தொழுகைக்கு முந்தி அரை மணித்தியாலம் தேங்காண்ணெய் போட்டுக் கை கழுவுறேன்.”

காருக்குப் பதினாறு வயது. உறை போட்டுப் பார்த்தார்களாம். ஸ்டியரிங் தடித்துப்போய் டீச்சரின் சின்ன விரல்களுக்குள் அடங்கவில்லை.

“ஸ்டியரிங்கையே மாத்திரலாம் டீச்சர். வேற மொடல்ல இருந்து ஒண்டு கொண்டு வந்து போடுறேன்.”

“குரூஸ் கொன்ட்ரோல் வேலை செய்யணும்” என்றார் டீச்சர். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “அது இல்லாட்டி எனக்குக் கார் இல்ல, இன்ஷாப்.”

காரணம் டீச்சரின் வலது கணுக்கால். இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் விழுந்ததில் உள்ளே தகடு வைத்திருந்தார்கள். பிரேக் மிதிக்கலாம், நடக்கலாம். ஆனால் எக்ஸிலேட்டரில் காலைச் சாய்த்துப் பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தால் எலும்புக்குள் ஊசி ஏற்றுவதுபோல் வலிக்கும். குரூஸ் கொன்ட்ரோல் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஓடுகிற வேகத்தை ஒரு தரம் லீவரில் தட்டி வைத்துவிட்டால் காலை எடுத்துவிடலாம்; கார் அதே வேகத்தில் தானாகப் போகும். அந்த லீவரின் தயவில்தான் டீச்சர் வியாழக்கிழமை தோறும் தம்புள்ளை வழியாகக் கலேவெலைக்குப் போய், தங்கச்சி ஹமீமாவோடு பகல் முழுக்க வாய்ச்சண்டை பிடித்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

மகன் ஷிஹாமுக்கு இது பிடிக்கவில்லை. கொழும்பில் வேலை, ஐந்தாம் மாடியில் வீடு. உம்மா காரை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அவனை ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போய் வர வேண்டும். போகவும் வரவும் ஒழுங்காக ஓட்டினால் கார் டீச்சருக்கு. எங்கேயாவது தடுமாறினால் கார் விற்பனைக்கு, டீச்சர் ஐந்தாம் மாடிக்கு.

“அஞ்சாம் மாடியில நான் என்ன செய்யிற? காகத்துக்குக் கணக்குப் படிப்பிக்கிறதா?” என்று கேட்டார் டீச்சர்.

“நீங்க யோசிக்கவே வாணாம், டீச்சர்” என்றார் பாஸ்.

புதன்கிழமைக்குள் ஸ்டியரிங் கிடைத்தது. நல்ல வழவழப்பான தோல், பிடிக்க இதமான மெல்லிய வளையம். ஆனால் அது குரூஸ் இல்லாத வண்டியிலிருந்து கழற்றியது. லீவர் நிற்க இடமில்லை. பாஸ் பழைய ஸ்டியரிங்கின் பின்மூடியைக் காகிதத்தில் ஒற்றியெடுத்து, சூடாக்கிய கத்தியால் புதியதில் அதே அளவுக்கு வாய் வெட்டி, அரத்தால் ராவி, இரண்டு துளை போட்டு லீவரைப் பொருத்திப் பார்த்தார். தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோலவே இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது பஸ்லாவிடம் மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் பஸ்லா, “ஜப்பானுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்களேன்” என்றார்.

மிச்சமிருந்த வேலை பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது மட்டும். அதை வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டதுதான் வினை.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு வட்டப் பெட்டி இருக்கிறது. அதற்குள் தட்டையான நாடா ஒன்று சுருண்டு கிடக்கும். ஹோர்ன், குரூஸ், காற்றுப்பை எல்லாவற்றுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான். ஸ்டியரிங் திரும்பத் திரும்ப நாடா சுருங்கும், தளரும். நடுவிலிருந்து இந்தப் பக்கம் இரண்டரைச் சுற்று, அந்தப் பக்கம் இரண்டரைச் சுற்று தாங்கும். அதற்கு மேல் கொஞ்சம் இழுத்தாலும் அறுந்துவிடும். ஆகவே டயர் நேராக நிற்கும்போது நாடாவும் நடுவில் நிற்க வேண்டும். இது பாஸுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் டயரை நேராக வைத்து, பற்றரியைக் கழற்றி, ஸ்டியரிங்கை எடுத்துவிட்டு, தண்டின் உச்சியில் மேலே பார்க்க ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். அந்த நேரம் பார்த்து பாங்கு சொன்னது.

பட்டறையிலிருந்து நாலு வீடு தள்ளிப் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமைகளில் பட்டறை முற்றம் ஜும்ஆத் தொழுகைக்கு வருகிறவர்களின் முற்றம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை இறக்கி, சாவியை உள்ளேயே விட்டுவிட்டுப் போவது. பிந்தி வருகிறவன், நிற்கிற வண்டியை நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஓரமாக்கிவிட்டுத் தன்னுடையதை நிறுத்துவான். இதுவரை ஒரு வண்டியும் களவு போனதில்லை, ஒருவரும் தொழுகையைத் தவறவிட்டதுமில்லை. பாஸ் அன்று ஸ்டியரிங் இல்லாத காரைக்கூட அதே பழக்கத்தில், நியூட்ரலில், பிரேக் இறக்கி, சாவியோடு விட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது கார் பலாமரத்தடியில் நின்றது. கோழிக்கடை றிகாஸ் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

“பாஸ், ஸ்டியரிங் இல்லாததப் பாத்துப் பயந்துட்டோம். பொறவு ரெண்டு பேர் தள்ள, நாங்க ரெண்டு பேர் டயர மிதிச்சு மிதிச்சுத் திருப்பி, ஒரு கீறல் இல்லாம ஓரமாக்கிட்டோம்.”

“அல்லாஹ் ஒங்களுக்கு பரகத் செய்யட்டும்” என்றார் பாஸ். மனதாரத்தான் சொன்னார்.

பஸ்லா வெள்ளிக்கிழமைகளில் நெய்ச்சோறு ஆக்குவார். பாஸ் வீட்டுக்குப் போய் அதை ஒரு கை பார்த்துவிட்டு வந்தபோது கண் பாதி மூடியிருந்தது. தண்டிலிருந்த வெள்ளைப் புள்ளி இப்போது மேலே இல்லை, வலப்பக்கம் பார்த்துக் கிடந்தது. டயரை மிதித்தவர்கள் அதை இடப்பக்கமாக முக்கால் சுற்றுத் திருப்பியிருந்தார்கள்; ஸ்டியரிங் இல்லாததால் நாடா மட்டும் நடுவிலேயே நின்றது. அதே முக்கால் சுற்று வலப்பக்கமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆனால் இடப்பக்கமாகவே இன்னும் கால் சுற்றுத் தள்ளினாலும் புள்ளி மேலே வந்துவிடும். நெய்ச்சோறு உண்ட மனிதருக்கு முக்காலை விடக் கால் சுகம். பாஸ் பெரிய பிளையரைப் பிடித்துக் கால் சுற்றுத் தள்ளி, புள்ளி மேலே வந்ததும் திருப்தியாகத் தலையாட்டிப் புதிய ஸ்டியரிங்கை மாட்டி நட்டை இறுக்கினார். ஒரு தரம் குனிந்து டயரைப் பார்த்திருந்தால் அது பலாமரத்தைப் பார்த்துக் கோணி நிற்பது தெரிந்திருக்கும். அவர் குனியவில்லை.

காரை வெளியே எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒரு முழுச் சுற்றுத் திருப்பித்தான் நேராக்கினார். ஒடுக்கமான இடம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வீதியில் கார் நூல் பிடித்ததுபோல் ஓடியது. ஹோர்ன் அடித்தது. குரூஸ் பிடித்தது. நாடா மட்டும் தன் கையிருப்பில் ஒரு சுற்றை முன்கூட்டியே செலவழித்துவிட்டுச் சும்மா இருந்தது. வளைவுகளில் அது தெரியாது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் கடைசி வரைக்கும், ஒன்றே முக்கால் சுற்று, ஒடிக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் பட்டறை வாசலில் காரை நிறுத்தினார். பக்கத்து சீட்டில் ஷிஹாம்.

“இன்ஷாப், நீயும் வா. பின்னால குந்து. ஏதும் கேள்வி வந்தா நீதான் பதில் செல்லணும்.”

பாஸ் எங்கே போனாலும் சாமான் பையோடுதான் போவார். பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார்.

நாவுல தாண்டிப் பாதை நேரானதும் டீச்சர் லீவரைத் தட்டினார். காலை எடுத்து ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டார். கார் ஐம்பதில் வழுக்கிக்கொண்டு போனது. ஷிஹாம் உம்மாவின் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பிறகு வெளியே பார்க்கத் தொடங்கினான். நம்பிக்கை வந்துவிட்டது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். பாஸுக்கு நெஞ்சு பூரித்தது. லீவர் வாயை எப்படி வெட்டினேன் என்று ஷிஹாமுக்கு விளக்கத் தொடங்கி, தம்புள்ளை வரும்வரை நிறுத்தவில்லை.

தம்புள்ளையில் தேநீர் குடித்தார்கள். “சரி உம்மா, திருப்புங்க” என்றான் ஷிஹாம். டீச்சர் அகலமான இடமாகப் பார்த்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் கடைசி வரைக்கும் ஒடித்தார்.

டக்.

சின்னச் சத்தம்தான். டீச்சருக்குக் கேட்கவில்லை, ஷிஹாமுக்கும் கேட்கவில்லை. பாஸுக்குக் கேட்டது. முன்பலகையில் காற்றுப்பையின் சிவப்பு விளக்கு பற்றியது; அதைக் கவனித்தவரும் அவர் ஒருவர்தான். அவருக்கு வெள்ளைப் புள்ளி, றிகாஸின் பல், பலாமரம் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன.

மரக்கறி லொறி ஒன்று குறுக்கே நின்றது. டீச்சர் ஹோர்னை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். இல்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, “ஏய், பெத்தட்ட வெனவா!” என்று ஓரமாகச் சொல்லிச் சிங்களத்தில் ஒரு அதட்டு அதட்டினார். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் பழுத்த குரல். லொறி மட்டுமல்ல, அதன் பின்னால் நின்ற இரண்டு முச்சக்கர வண்டியும் ஓரமாகின. “பழைய கார்தானே, ஹோர்ன் போயிருக்கும்” என்றான் ஷிஹாம். அந்தக் குரல் இருக்கும்போது ஹோர்ன் எதற்கு என்று பாஸ் ஒரு கணம் ஆறுதல் பட்டார். ஆனால் குரூஸுக்குக் குரல் உதவாது.

நேர்ப்பாதை வந்தது. டீச்சர் லீவரைத் தட்டிக் காலை எடுத்தார். கார் வேகம் குறைந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் குறைந்தது.

“வேலை செய்யுதில்லையே.”

“முதல்ல நுனிப் பொத்தான அமத்துங்க உம்மா. பொறவு கீழ தட்டுங்க.”

“அப்படித்தான் செஞ்சேன்.” மூன்றாம் தரம் டீச்சரின் விரல் லீவரின் மேல் தயங்கி நின்றது. “முதல்ல நுனி... பொறவு கீழ... இல்ல, மேலயா?”

“பரவால்ல உம்மா” என்றான் ஷிஹாம். அவன் கோபப்படவில்லை, மிகவும் அன்பாகச் சொன்னான். அதுதான் கேட்கப் பொறுக்கவில்லை. “வயசு போனா எல்லாருக்கும் மறதி வரும். நான்தான் முந்தியே சொன்னேனே.”

டீச்சர் காலை எக்ஸிலேட்டரில் வைத்து அழுத்திக்கொண்டு ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய உதடு உள்ளே மடிந்தது. பிறகு, யாரிடம் என்றில்லாமல், “காலையில செஞ்சேனே. எப்படிச் செஞ்சேன்?” என்றார்.

பாஸுக்கு இப்போது தப்ப நல்ல வழி இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குற்றம் டீச்சரின் வயதில் போய் உட்கார்ந்துவிட்டது. வெயில், எலி, ஜப்பான் என்று எதையும் அவர் தேடத் தேவையில்லை. பிறகு ஒரு நாள் மெதுவாக நாடாவை மாற்றிவிடலாம். ஆனால் பிறகு என்று ஒரு நாள் இருக்கப் போவதில்லை; கார் விற்றுப் போயிருக்கும். தன் கணக்கில் ஒரு நாளும் சந்தேகப்படாத பெண், எத்தனையோ பேரைப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்ல வைத்த பெண், ஒரு லீவரைப் பார்த்து மேலயா கீழயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாஸுக்கு அழுகை வந்தது.

“டீச்சர், காரை நிப்பாட்டுங்க. பிழை ஒங்கட இல்ல. அது என்ட பிழை.”

கார் புளியமரம் ஒன்றின் கீழ் நின்றது. பாஸ் வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினார். நெய்ச்சோற்றைக்கூட விடவில்லை. முடித்ததும் ஷிஹாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

“இன்ஷாப் நானா, ஒங்கட மனசு பெரிசு. ஆனா உம்மாவக் காப்பாத்த நீங்க பொய் செல்ல வாணாம்.”

“பொய்யா?”

“என்ட மோட்டபைக் சீட்டுக்குக் கீழ பத்தி எரிஞ்சப்போ வெயிலுக்கு எரிஞ்சதுன்னு சொன்ன ஆள் நீங்க. ராத்திரி எட்டு மணி அப்போ. ஒங்க வாயில இருந்து ‘என்ட பிழை’ன்னு வந்தா நான் எப்படி நம்புற?”

பாஸ் டீச்சரைப் பார்த்தார். டீச்சரும் தலையை ஆட்டினார். “எனக்காகப் பொய் செல்லாத, இன்ஷாப். மறந்தது நான்தான்.”

“யா அல்லாஹ்!” பாஸ் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். “முப்பது வருஷமா பொய் சொன்னேன், ஊரே நம்பிச்சு. இன்டைக்கு ஒரு உண்மை செல்றேன், காருக்குள்ள ரெண்டு பேரும் நம்புறீங்க இல்லையே!”

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். போனெட்டைத் திறந்து பற்றரியைக் கழற்றினார். காற்றுப்பை வெடிக்காமல் இருக்க இனிப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் வீதியோரத்தில் நின்று, தான் எப்படிப்பட்ட மடையன் என்பதற்கு ஷிஹாமிடம் பழைய ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முச்சக்கர வண்டியின் வைப்பர், லொறியின் ரேடியோ, பஸ்லாவின் குக்கர். மோட்டார் சைக்கிளில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டதையும் சொன்னார். தன் பெயரைக் கெடுக்க ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டதை அந்த வீதி பார்த்திருக்காது.

பிறகு ஸ்டியரிங்கைக் கழற்றினார். பெட்டியைப் பிரித்ததும் நாடா வெளியே சரிந்தது. நுனியில் அறுந்து, பிய்ந்த இடம் பளிச்சென்று புதிதாக இருந்தது. பாஸ் அதை ஷிஹாமின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதுல மின்சாரம் போகாம யாரு அமத்தினாலும் குரூஸ் பிடிக்காது. ஒங்கட உம்மா மூணு தரமும் சரியாத்தான் அமத்தினாங்க. நான் பின்னால இருந்து பாத்தேன். முதல்ல நுனி, பொறவு கீழ.”

ஷிஹாம் நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு உம்மாவிடம் போய் நின்றான். “மன்னிச்சிடுங்க உம்மா” என்றான்.

“நான் மறக்கல்ல” என்றார் டீச்சர்.

“இல்ல உம்மா.”

“மூணு தரமும் சரியா?”

“மூணு தரமும் சரி, டீச்சர்” என்றார் பாஸ்.

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு பாஸின் பக்கம் திரும்பினார். “ஒரு தரம் குனிஞ்சு டயரப் பாக்க ஏலாதா ஒனக்கு? முக்காலுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாதா? நானா ஒனக்குக் கணக்குப் படிப்பிச்சேன்?” என்று தொடங்கி ஒரு பாட்டம் ஏசினார். பாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். ஏச்சு இவ்வளவு இனிக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஏச்சு முடிய, ஸ்டியரிங்கை மறுபடி மாட்டிப் பற்றரியையும் பூட்டினார். குரூஸ் இல்லாமல் டீச்சரின் கால் தாங்காது என்பதால் வீடு வரைக்கும் ஷிஹாம் ஓட்டுவதென்று ஏற்பாடு.

“இன்ஷாப் நானா” என்றான் அவன், “வியாழக்கிழமைக்கு முந்திப் புது நாடா போட ஏலுமா? உம்மா கலேவெலைக்குப் போகணும்.”

பாஸ் அவன் கையிலிருந்த நாடாவை வாங்கி வீதியோரப் பற்றைக்குள் எறியப் போனார். டீச்சர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, அதை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தார்.

“இது எனக்கு வேணும். எனக்கு மறதி வந்துட்டுன்னு இனி யாரும் சொன்னா, முதல்ல இதக் காட்டிட்டுத்தான் பேசுவேன்.”

ஷிஹாம் உம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அதைத் தன் நீளக் காலுக்கு ஏற்பப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தான்.

“தள்ளாத” என்றார் டீச்சர். “முட்டிய மடக்கிக்கிட்டு ஓட்டு. அது என்ட சீட்.”